அனாமத்துக் கணக்கில் ஒரு கிரகம்

முதலில் ஒரு சின்ன க்விஸ். நம் சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்துக்கும் கிரகம் இருக்கிறது என்று முதலில் அறிவித்தவர் யார்? எந்த வருடம்? எந்த ஊரில் இருந்து?

பொது அறிவுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் டக்கென்று "1995, மிஷேல் மேயர், டிடியே கெலோ, 51 பெகாசி" என்பார்கள். 2019ல் இரண்டு பேருக்கும் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் "இல்லையில்லை, 1992லேயே வோல்ஷ்சானும் ஃப்ரெய்லும் ஒரு பல்சரைச் சுற்றும் கிரகங்களைப் பிடித்துவிட்டார்கள்" என்று திருத்துவார்கள். 'கண்டுபிடித்தது யார்' என்று கேட்டிருந்தால் இவை சரியான பதில்கள்தான். ஆனால் கேள்வி 'அறிவித்தது யார்' என்பது. அதற்கு வரலாற்றுப் புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் வேறு.

பெயர்: கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். வருடம்: 1855. ஊர்: மெட்ராஸ். இன்னும் துல்லியமாகச் சொன்னால் நம்ம நுங்கம்பாக்கம்!

உடனே காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டாம். அந்தக் கிரகம் அங்கே இல்லை. ஜேக்கப் சொன்னது தப்பாகப் போய்விட்டது. அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை என்கிறீர்களா? கண்ணுக்கே தெரியாத கிரகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள, சரியாகப் போன கதைகளை விட இந்தத் தப்பாகப் போன கதை அதிகம் சொல்லித் தருகிறது. அதோடு, காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்தக் கதை ரொம்பப் பழக்கமான கதை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நுங்கம்பாக்கத்துத் தூண்

1786ல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானியல் கூடம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டிக் கொடுத்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். கம்பெனிக்கு நட்சத்திரத்தின் மேல் அப்படி என்ன காதல் என்றால், காதலெல்லாம் இல்லை, வியாபாரம்தான். கப்பல் திசை தெரிந்து போக வேண்டும், வரைபடம் சரியாக வரைய வேண்டும், நேரம் சரியாகத் தெரிய வேண்டும். மூன்றுக்கும் வானம்தான் கடிகாரம். பின்னாளில் இந்திய ரயில்வே அட்டவணைகள் 'மெட்ராஸ் நேரத்தில்' ஓடியதும் இந்தக் கூடத்தின் புண்ணியத்தில்தான். 1906ல்தான் இப்போதைய இந்திய நேரம் வந்தது.

தொலைநோக்கி ஆடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு பெரிய கருங்கல் தூண் நிறுத்தினார்கள். அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு இருக்கிறது. கூடம் போய்விட்டது, தூண் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் டிவியில் "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று கேட்கிறோமே, அந்த வானிலை ஆய்வு மைய வளாகத்தில்தான் நிற்கிறது.

இந்தக் கூடத்தில் பெரிய பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. டி.ஜி.டெய்லர் 11,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்து 1844ல் பட்டியல் போட்டார். அவருக்குப் பின் 1848ல் பொறுப்புக்கு வந்தவர்தான் நம் ஜேக்கப். பம்பாய் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவு அதிகாரி. அதற்கு முன்பே பூனாவில் சொந்தமாக ஒரு கூடம் வைத்து இரட்டை நட்சத்திரங்களை அளந்து பட்டியல் தயாரித்தவர். இரட்டை நட்சத்திரம்தான் அவருக்குப் பைத்தியம்.

தட்டாமாலை

இரட்டை நட்சத்திரம் என்றால் என்ன? தட்டாமாலை சுற்றியிருக்கிறீர்களா? இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவோமே, அதுதான். இரண்டு பேரும் ஒரே எடை என்றால் நடுவில் இருக்கும் புள்ளியைச் சுற்றி இருவரும் சமமாகச் சுற்றுவார்கள். அப்பாவும் குழந்தையும் சுற்றினால்? குழந்தை பெரிய வட்டம் போடும். அப்பா நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். ஆனால் உற்றுப் பார்த்தால் அவரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து ஒரு சின்ன வட்டம் போடுவார். போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவார்.

இப்போது இதை அமாவாசை இருட்டில் நினைத்துப் பாருங்கள். அப்பா வெள்ளை வேட்டி, குழந்தைக்குக் கறுப்புச் சட்டை. தூரத்தில் இருந்து பார்த்தால் குழந்தை தெரியாது. வேட்டி மட்டும் மெல்ல ஆடுவது தெரியும். "அந்த மனுஷன் சும்மா ஆடவில்லை, கையில் யாரையோ பிடித்திருக்கிறார்" என்று ஊகிக்கலாம். எவ்வளவு நேரத்துக்கு ஒரு சுற்று, எவ்வளவு ஆட்டம் என்று அளந்தால் குழந்தை எவ்வளவு கனம் என்றுகூடக் கணக்குப் போடலாம்.

கிரகம் கண்டுபிடிக்கும் கலையில் பாதி இவ்வளவுதான். நட்சத்திரம் அப்பா, கிரகம் குழந்தை.

ஜேக்கப் எடுத்துக்கொண்டது 70 ஒபியூச்சி என்ற ஜோடி. சுமார் 17 ஒளியாண்டு தூரம், வான அளவில் பக்கத்து வீடு. 1779ல் வில்லியம் ஹெர்ஷல் இதை இரட்டை என்று கண்டார். ஒன்றையொன்று சுற்றிவர சுமார் 88 வருடம். ஒரு நட்சத்திரத்தை மையமாக வைத்து இன்னொன்று எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பல வானியலாளர்கள் வருடா வருடம் அளந்து வைத்திருந்தார்கள். நியூட்டன் விதிப்படி அந்தப் புள்ளிகள் ஓர் அழகான நீள்வட்டத்தில் உட்கார வேண்டும்.

உட்காரவில்லை. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று தள்ளித் தள்ளி நின்றன. எவ்வளவு மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் ஒரு மிச்சம் விழுந்தது. இந்த ஜோடியோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகமும் சேர்ந்திருந்தால் அந்த மிச்சம் சரியாகிவிடும் என்று ஜேக்கப் பார்த்தார். 1855ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் கட்டுரை எழுதினார். கிரகம் இருப்பது மிகவும் சாத்தியம் என்றுதான் எழுதினார். 'கண்டேன்' என்று எழுதவில்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டேலி ஆகாத கணக்கு

இங்கேதான் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. இருப்பாய்வு எழுதுகிறோம். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் டேலி ஆகவில்லை. என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தற்காலிகமாக 'அனாமத்துக் கணக்கு' என்ற பெயரில் ஒரு வரி எழுதி சமப்படுத்துவோம். பிறகு பிழை எங்கே என்று தேடுவோம். ஐந்தொகை என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கிய செட்டிநாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அனாமத்து ஒரு விடை கிடையாது, 'இங்கே ஏதோ இருக்கிறது' என்ற ஓர் அடையாளம் மட்டும்தான்.

ஜேக்கப்பின் கிரகம் அப்படி ஓர் அனாமத்துக் கணக்கு. கேள்வி என்னவென்றால், அந்த வித்தியாசம் எதனால் வந்தது? அறிவியல் வரலாற்றைப் புரட்டினால் மூன்று விதமான பதில் கிடைக்கிறது.

முதல் விதம், நிஜமாகவே ஒரு பதிவு விட்டுப்போயிருப்பது. யுரேனஸ் கிரகம் கணக்குப்படி நகரவில்லை. அதன் விளைவு ஏட்டில் ஏறிவிட்டது, காரணம் ஏறவில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பதிவு போல. பிரான்ஸில் லெ வெரியே கணக்குப் போட்டு "இந்த இடத்தில் பாருங்கள்" என்றார். 1846ல் பெர்லினில் காலே பார்த்தார், நெப்டியூன் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் பெசல், சிரியஸ் நட்சத்திரம் ஆடுவதை வைத்து அதற்குத் துணை உண்டு என்று சொல்லியிருந்தார். 1862ல் அதையும் நேரில் பார்த்துவிட்டார்கள். ஜேக்கப் எழுதிய காலத்தை யோசியுங்கள். நெப்டியூன் வெற்றி நடந்து 9 வருடம்தான் ஆகியிருந்தது. டேலி ஆகாத இடத்தில் எல்லாம் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த நேரம்.

இரண்டாம் விதம், கணக்குப் போடும் முறையே போதாமல் இருப்பது. அதே லெ வெரியே, புதன் கிரகத்தின் நகர்வும் டேலி ஆகவில்லை என்று 1859ல் காட்டினார். சூரியனுக்குப் பக்கத்தில் 'வல்கன்' என்ற கிரகம் இருக்க வேண்டும் என்று தேடினார்கள், தேடினார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். வல்கன் என்று ஒன்று இல்லவே இல்லை. 1915ல் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்பு விதி எழுதியதும் புதன் கணக்கு தானாக டேலி ஆகிவிட்டது.

மூன்றாம் விதம்தான் அன்றாடம் நாம் பார்ப்பது. விதி சரி, விட்டுப்போனதும் எதுவும் இல்லை. எடுத்து எழுதும்போது 63ஐ 36 என்று போட்ட தப்பு. அதாவது அளவீட்டுப் பிழை.

70 ஒபியூச்சி இந்த மூன்றாம் வகை.

எவ்வளவு நுணுக்கமான அளவு தெரியுமா? ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை 5 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும் அளவு ஏறக்குறைய அதுதான். காரைக்குடியில் நின்றுகொண்டு கோட்டையூர்ப் பக்கம் யாரோ கையில் பிடித்திருக்கும் காசைப் பார்ப்பது மாதிரி. அந்தக் காலத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, மெல்லிய கம்பியை நகர்த்தி, இந்தக் காசின் சின்னச் சின்னப் பின்னங்களை அளந்தார்கள். ஒருவர் கண்ணுக்கும் இன்னொருவர் கண்ணுக்கும் வித்தியாசம். காற்று நடுங்கினால் வித்தியாசம்.

நம் வியாழன் மாதிரி ஒரு கிரகம் நம் சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தை ஆட்டினால், 17 ஒளியாண்டு தூரத்தில் இருந்து பார்க்க அது எவ்வளவு நகரும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆர்க் செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு வருகிறது. கோட்டையூர்க் காசில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் பருமனை விடக் குறைவு! 1855ன் கருவிக்கு அது எட்டவே எட்டாது.

இன்னொரு விஷயமும் உண்டு. இது என் சொந்த யோசனை. அந்த ஜோடிக்கு ஒரு 'வருடம்' 88 வருடம். ஹெர்ஷல் பார்த்தது 1779, ஜேக்கப் எழுதியது 1855. நடுவில் 76 வருடம்தான். அதாவது ஒரு முழுச் சுற்றுகூட முடியவில்லை. நிதியாண்டு முடியும் முன்பே இறுதிக் கணக்கு எழுதினால் எப்படி இருக்கும்?

விடாப்பிடிக்காரர்கள்

கதை ஜேக்கப்போடு முடியவில்லை. 1896ல் அமெரிக்க வானியலாளர் டி.ஜே.ஜே.சீ, அதே 70 ஒபியூச்சியில் இருட்டான ஒரு துணை இருக்கிறது என்று மறுபடியும் அறிவித்தார். இவர் ஜேக்கப் மாதிரி 'சாத்தியம்' என்று இழுக்கிற ஆள் இல்லை. 1899ல் மோல்ட்டன் என்ற இளைஞர், சீ சொல்வது மாதிரி மூன்று பொருட்கள் சேர்ந்து சுற்றினால் அது நிலைத்து நிற்காது என்று கணக்கில் காட்டினார். சீக்குக் கோபம் வந்து ஒரு கடிதம் எழுதினார். அது இருந்த சூட்டில் பத்திரிகை அதை முழுதாகப் போடவில்லை. 1943ல் அதே நட்சத்திரத்துக்கு மூன்றாம் முறையாகக் கிரகம் 'கிடைத்தது'. அதுவும் நிற்கவில்லை. 2006ல் டெக்ஸாஸின் மெக்டொனால்ட் ஆய்வகக் குழு நவீன முறையில் ஆராய்ந்து, அந்த நட்சத்திரத்துக்கு அருகே வியாழன் போலப் பெரிய கிரகம் எதுவும் இல்லை என்று காட்டியது. சின்னக் கிரகம் இருக்க இன்னும் இடம் உண்டு. ஆனால் ஜேக்கப் சொன்ன மாதிரி கனமான ஒன்றுக்கு இடம் இல்லை.

அதே ஒபியூக்கஸ் மண்டலத்தில் பர்னார்ட் நட்சத்திரம் என்று ஒன்று இருக்கிறது. 6 ஒளியாண்டு தூரம். பீட்டர் வான் டி காம்ப் அதைப் பல வருடம் படம் பிடித்து, 1963ல் கிரகம் இருக்கிறது என்றார். உலகமே நம்பியது. 1973ல் வேறு தொலைநோக்கிப் படங்களை ஆராய்ந்தவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியவில்லை. வான் டி காம்ப்பின் சொந்த ஆய்வகத்துப் படங்களிலேயே இன்னொரு நட்சத்திரமும் அதே வருடங்களில் அதே மாதிரி 'ஆடியது' தெரிந்தது. அந்த வருடங்களில் தொலைநோக்கியின் லென்ஸைக் கழற்றி மாட்டியிருந்தார்கள்! ஆடியது நட்சத்திரம் இல்லை, கருவி. தராசே கோணல்.

வான் டி காம்ப் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1995 மே மாதம் காலமானார். அதே வருடம் அக்டோபரில் 51 பெகாசி அறிவிப்பு வந்தது. இதைப் படித்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. இன்னொரு வேடிக்கை, 2024லும் 2025லும் பர்னார்ட் நட்சத்திரத்துக்கு நிஜமாகவே கிரகங்கள் கிடைத்துவிட்டன. மொத்தம் நான்கு, எல்லாம் பூமியை விடச் சின்னவை, ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று. அவர் சொன்ன பெரிய கிரகம் மட்டும் கிடையாது.

இப்போது எப்படிப் பிடிக்கிறார்கள்?

1995ல் ஜெயித்தவர்கள் வேட்டி பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்க்கவில்லை, நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று பார்த்தார்கள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது கீச்சென்றும், தாண்டிப் போனதும் கம்மியாகவும் கேட்கும் இல்லையா? ஒளிக்கும் அப்படித்தான். வரும்போது நீலம் பக்கமும் போகும்போது சிவப்பு பக்கமும் மிகச் சின்னதாக நகரும். வியாழன் நம் சூரியனை ஆட்டும் வேகம் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர், நம்ம டவுன் பஸ் வேகம். அத்தனை தூரத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் பஸ் வேகத்தை அளக்கிறார்கள்! 51 பெகாசியின் கிரகம் 4 நாட்களுக்கு ஒரு முறை சுற்றுவதால் ஒரே மாதத்தில் ஏழு முறை கணக்கைச் சரிபார்க்கலாம். 88 வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது முறை, மறைப்பு. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே கிரகம் போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். வியாழன் சூரியனை மறைத்தால் 100ல் 1 பங்கு. பூமி மறைத்தால் 10,000ல் 1 பங்குக்கும் குறைவு. 2004லும் 2012லும் வெள்ளி சூரியனைக் கடந்ததே, அதே சங்கதிதான். 1999ல் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. ஆட்டத்தை வைத்துக் கண்டுபிடித்த ஒரு கிரகம், கணக்குச் சொன்ன நேரத்தில் சரியாக நட்சத்திரத்தின் முன்னால் கடந்து வெளிச்சத்தைக் குறைத்தது. இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்தன. வவுச்சர் வேறு, வங்கி அறிக்கை வேறு, இரண்டும் ஒத்துப்போகிறது. ஆடிட்டருக்கு வேறென்ன வேண்டும்? கெப்ளர் விண்கலம் 2009 முதல் 2018 வரை இந்த மறைப்பு முறையிலேயே 2,600க்கும் மேல் பிடித்தது. 2025 செப்டம்பரில் நாசாவின் பட்டியல் 6,000ஐத் தாண்டியது.

மூன்றாவதாக, ஜேக்கப்பின் பழைய முறையும் செத்துவிடவில்லை. ஐரோப்பாவின் கையா விண்கலம் 2025 வரை வானத்தில் இருந்து நட்சத்திரங்களின் இடத்தை அளந்தது. அந்த அளவுகளை வைத்துப் பக்கவாட்டு ஆட்டத்தில் இருந்து கிரகம் கண்டுபிடித்து, வேறு முறையில் உறுதியும் செய்துவிட்டார்கள். முறை தப்பில்லை. கருவிதான் 170 வருடம் தாமதம்.

நம் பக்கத்தில்

நுங்கம்பாக்கத்து வேலை 1899ல் கொடைக்கானலுக்குப் போனது. பிறகு ஜவ்வாது மலையில் காவலூர் வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் வெளிச்சம் விட்டு விட்டுக் குறைந்ததைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் இருப்பது உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். 2018ல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் அபு மலைத் தொலைநோக்கியில் 'பராஸ்' கருவியை வைத்து, சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு கிரகத்தின் எடையை அளந்தார்கள். பூமியைப் போல் 27 மடங்கு. 2019ல் இந்தியாவுக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு கிடைத்தபோது ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா' என்றும், அதன் கிரகத்துக்கு 'சாந்தமசா' என்றும் வைத்தார்கள். பிபா என்பது இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக.

ஜேக்கப் என்ன ஆனார்? உடல்நிலை கெட்டு 1859ல் மெட்ராஸ் பொறுப்பை விட்டார். சமவெளிக் காற்றின் நடுக்கம் இல்லாத உயரத்தில், பூனா பக்கத்து மலையில் ஒரு கூடம் வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பணமும் ஒதுக்கியது. புதுத் தொலைநோக்கியோடு 1862 ஆகஸ்டில் பம்பாயில் இறங்கினார். சில நாட்களில் பூனாவில் இறந்துபோனார். வயது 48. பிழை காற்றிலும் கருவியிலும் இருக்கலாம், இன்னும் நல்ல இடத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரு மனிதர், அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"உலகின் முதல் வேற்றுக் கிரகம் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது, வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான்" என்று யாராவது ஃபார்வர்டு செய்தால் நம்பாதீர்கள். (முதலாவதாக, கண்டுபிடித்ததாகச் சொன்னவரே வெள்ளைக்காரர்தான் :-)) அதே மாதிரி "ஹும், தப்பாகச் சொன்ன ஆள்" என்று ஒதுக்கவும் வேண்டாம். சீ கோபப்பட்டார், வான் டி காம்ப் பிடிவாதம் பிடித்தார். ஜேக்கப் தன் எண்களையும் வித்தியாசத்தையும் எல்லோர் முன்னாலும் வைத்து, 'சாத்தியம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினார். அதனால்தான் பின்னால் வந்தவர்களால் அதைச் சரிபார்த்துத் தள்ள முடிந்தது.

டேலி ஆகவில்லை என்றால் அடித்துத் திருத்தி ஆக வைப்பவன் ஒரு வகை. வித்தியாசத்தை மறைக்காமல் அனாமத்து என்று பெயர் எழுதி வைப்பவன் இன்னொரு வகை. அவன் எழுதிய ஐந்தொகை தப்பாக இருக்கலாம். ஆனால் அவன் ஏட்டை நம்பி அடுத்தவன் வேலையைத் தொடரலாம்.

அடுத்த முறை நுங்கம்பாக்கம் பக்கம் போனால் அந்தத் தூணைப் பார்க்க அனுமதி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.